கோழிக் கட்டியும் என் காலும்

எனக்கு இடது கால் தொடையோடு நின்றுவிட்டது. முட்டி இல்லை. சேலத்து சர்க்கார் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். அறுத்தவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது. முதல் தடவை பார்த்தபோதே, முட்டியை விட்டுவிட்டுக் கீழே மட்டும் எடுத்துவிடலாம் என்று சொன்னவர் அவர். என் கோபமெல்லாம் அந்த முதல் தடவைக்கும் இரண்டாவது தடவைக்கும் நடுவில், ஏற்காட்டு மலையில் ஒரு கட்டிலில் நான் கிடந்த நாட்கள்மேல்தான்.

முட்டி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் என்ன வித்தியாசம் என்று இரண்டு காலும் உள்ளவர்களுக்குத் தெரியாது. முட்டி இருந்தால் கட்டைக்காலைத் தோல்வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்டு மேடு ஏறலாம், ஓடுகிற வண்டியில் தொற்றலாம். முட்டி போனவனுக்குக் கக்கத்தில் கட்டையும் சமதரையும்தான். நான் ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு ஓடி வந்தவன். கோலார் சுரங்கத்தில் தள்ளுவண்டி தள்ளினேன். கண்டிச் சீமையில் தேயிலை சுமந்தேன். ரயில் பாதையில் ஜல்லி கொட்டினேன். கடைசியாக என் தங்கை மாராயி வாழ்க்கைப்பட்ட இடத்தில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு வெள்ளைக்கார எஸ்டேட்டில், காப்பி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். பழம் பறித்து முடிந்ததும் அங்கிருந்தும் கிளம்புவதாக இருந்தேன்.

கணுக்காலுக்கு மேலே, ஆடுசதையின் அடியில், முதலில் புளியங்கொட்டை போல ஒன்று உருண்டது. வலிக்கவில்லை. வலிக்காததால் விட்டுவிட்டேன். அட்டைக் கடி என்றார்கள். மூட்டை தூக்கியதில் சதை பிசகிவிட்டது என்றார் மேஸ்திரி. ஐப்பசி மழை முடிவதற்குள் அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. எஸ்டேட் ரைட்டர் ஒரு சீட்டெழுதிக் கொடுத்துக் காப்பி லாரியில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்.

சேலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கல்லுப் பெஞ்சியில் உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் தறிக்காரர்கள், கண்ணில் கட்டுப் போட்ட கிழவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். யாரும் யாரிடமும் என்ன நோவு என்று கேட்கவில்லை. கூப்பிட்டபோது உள்ளே போனேன். அறுவை டாக்டர் வயதானவர், தமிழர், அதிகம் பேசாதவர். கட்டியிலிருந்து கடலைப்பருப்பு அளவு வெட்டி எடுத்தார். அதை மெழுகில் வைத்து, தோல் போலச் சீவி, சாயம் தோய்த்துப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்களாம். சில நாள் கழித்துத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சார்கோமா. சதையிலயே விளையற புத்து. அங்கேயே நிக்காது, மேல ஏறும். ஏறறதுக்குள்ள எடுத்துடணும். முட்டிக்குக் கீழே எடுத்துடலாம்."

நான் தங்கையிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். அவர் சீக்கிரம் வா என்றார். வந்திருப்பேன். மேலே போனதுதான் வினை.

எங்கள் எஸ்டேட்டும் பக்கத்து எஸ்டேட்டுகளும் சேர்ந்து நடத்திய சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. ஓட்டுக் கட்டடம், சில கட்டில்கள், சுற்றிலும் சில்வர் ஓக் மரங்கள். பின்புறம் கம்பி வலை அடித்த ஒரு நீளமான கொட்டகை. அதில் முழுக்கக் கோழிகள். அதனால் அங்கிருந்த வெள்ளைக்கார டாக்டரை எல்லோரும் கோழி டாக்டர் என்பார்கள். நெட்டையான ஆள், நரைத்த மீசை, எப்போதும் ஈரமாயிருக்கும் கண்கள். யாரோ ஒரு முன்ஷியிடம் தமிழ் படித்தவர். அதனால் புராணம் வாசிப்பவர் போலப் பேசுவார். என் சீட்டைப் படித்துவிட்டுக் காலை மடியில் தூக்கி வைத்து அழுத்தினார். மடியில் வைத்துப் பார்த்த வெள்ளைக்காரனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அதிலேயே பாதி விழுந்துவிட்டேன்.

"இக்காலை வெட்ட வேண்டாம். நான் காப்பாற்றுவேன். சிறிது பொறு" என்றார்.

காசு வாங்காத வைத்தியம். அரிசி, பருப்பு ஆஸ்பத்திரியே கொடுத்தது. காலை வெட்டாமல் காப்பாற்றுகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், வெட்டுவேன் என்று ஒருவர் சொல்கிறார். காடோடி ஒருவன் யார் பேச்சைக் கேட்பான்?

சேலத்தில் வெட்டிய இடம் புரையோடிக் கார்த்திகை முழுக்கக் காய்ச்சலில் கிடந்தேன். மாராயி ஞாயிறுதோறும் எஸ்டேட் கூலிக்காரர் குடியிருக்கும் லைனிலிருந்து நடந்து வருவாள். ராகிக் களியைத் துணியில் சுற்றிச் சூடு ஆறாமல் கொண்டுவருவாள். தன் பழைய சேலையைக் கிழித்து, வெந்நீரில் அலசி, என் காலைச் சுற்றிக் கட்டுவாள். என் நினைவில் இருப்பது அந்த வெந்நீர்ச் சூடு மட்டும்தான். மற்றதெல்லாம் மங்கல். அவள் வந்து போன நாட்களில் ஒன்றில் நடந்த காரியம் எனக்குப் பங்குனி வரை தெரியாது.

காய்ச்சல் விட்டதும் டாக்டர் என்னைக் கோழிகளுக்குத் தீனி வைக்கச் சொன்னார். கோலூன்றி நொண்டியபடி கம்பும் தவிடும் வைப்பேன். எல்லாம் லைன் வீடுகளில் வாங்கிய நாட்டுக் கோழிகள். ஒரே மாதிரி செங்கறுப்பு. காலில் கட்டிய நூலை வைத்துத்தான் அடையாளம். ஊசி போட்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு நிறம். நான் போனபோது சிவப்பு நூல் கூட்டம் இருந்தது. நெஞ்சுச் சதையில் கட்டி புடைத்து, இறக்கை சாய்ந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்துக்கொண்டிருந்தன.

சாயங்காலம் டாக்டர் கொட்டகைக்கு வந்து மர முக்காலியில் உட்காருவார். அவர் கதையை அவர் வாயாலேயே கேட்டேன். அவர் சீமையில் படித்த காலத்தில், கோழிக் கட்டியை அரைத்து, பீங்கான் வடிகட்டியில் வடித்து, அந்தத் தண்ணீரை வேறொரு கோழிக்குக் குத்தினால் அதற்கும் அதே கட்டி வருகிறது என்று கண்டுபிடித்திருந்தார்களாம். அந்தப் பீங்கான் வழியாகச் சதைத் துணுக்கு போகாது, சீழ்க் கிருமியும் போகாது. ஆக, பூதக்கண்ணாடிக்கும் தெரியாத ஒரு விதை அந்தத் தண்ணீரில் இருக்கிறது. வைரஸ் என்று பெயர். அதன் பின்னால் இவர் தன் வாலிபத்தையே செலவழித்திருக்கிறார். கோழிக்கு வருவது மனிதனுக்கு வருவதாகுமா, புற்று என்ன தொற்று நோயா என்று பெரியவர்கள் சிரித்தார்களாம். அவருக்கிருந்த ஆராய்ச்சி அறையைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு சண்டை வந்து, பட்டாளத்து டாக்டராகப் போய், சண்டை முடிந்து, ஒரு சினேகிதர் தயவில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தவர்.

அவர் தேடியது விதையை மட்டும் அல்ல. நூறில் ஒன்றாக ஏதோ ஒரு கோழிக்கு அந்தக் கட்டி வராமல் போகும், அல்லது வந்து கரைந்து போகும். அம்மை குத்தியவனை அம்மை அண்டாத மாதிரி. அந்த எதிர்ப்பு அதன் ரத்தத்தில் இருக்கிறது. ரத்தத்தை உறைய வைத்தால் மேலே தெளிந்து நிற்கும் நீர் இருக்கிறதே, சீரம், அதை நோயாளிக்குக் குத்தினால் நோயாளியின் உடம்பும் கட்டியை எதிர்க்கும். இதுதான் அவர் கணக்கு. அப்படி ஒரு கோழிக்காகப் பல வருஷம் காத்திருந்தார்.

கேட்கும்போது எனக்குப் பிடித்திருந்தது. என்னையும் பார்த்து ஊரெல்லாம் சிரித்திருக்கிறது. அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். பிடிக்காதவன் செய்திருந்தால் இவ்வளவு எரியாது.

மார்கழிக் கடைசியில் சிவப்பு நூல் கூட்டத்தில் எல்லாம் செத்து, ஒரே ஒரு சேவல் மட்டும் மிஞ்சியது. நெஞ்சைத் தடவிப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கிறது. கட்டி இல்லை, தழும்பு இல்லை. கொண்டை நிமிர்ந்து கூவுகிறது. டாக்டர் அதைக் கையில் ஏந்திக்கொண்டு நெஞ்சைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்தார்.

அன்று முதல் அந்தச் சேவலுக்குத் தனிக் கூண்டு, பால் சோறு. இறக்கைக்கு அடியில் இருக்கும் நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பார்கள். அதன் தெளிந்த நீர் எனக்கும் பெரியண்ணனுக்கும். பெரியண்ணன் மாரமங்கலத்து மலைக் குடியானவர். வரகும் மிளகும் போடுகிறவர். வெற்றிலையும் புகையிலையும் அடக்கி அடக்கி வலது கன்னத்தில் புற்று வந்து பக்கத்துக் கட்டிலில் கிடந்தார். கன்னம் உள்ளே புண்ணாகி வெளியே கல் போல இறுகிவிட்டது. அந்த வாயோடும் கேலிக்குக் குறைச்சல் இல்லை.

"கோளி ரத்தத்த ஏத்தறாரே கண்ணு, காத்தால நாம கூவாம இருந்தாச் செரி" என்பார். டாக்டர் போனதும், "ஆளு நல்ல ஆளுதான். ஆனா நம்மளப் பாக்கறப்ப கோளியப் பாக்கற மாதிரியே பாக்கறாரு" என்பார். நான் அதற்குச் சிரித்தேன்.

முதல் ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதற்குப் பிறகு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்து அரித்தது. மணிக்கட்டு, முழங்கை, விரல் மூட்டு எல்லாம் வீங்கிக் கையில் தம்ளர் நிற்கவில்லை. ராத்திரிகளில் அரிப்பு தாங்காமல் ஈரத் துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தேன். ஏற்காட்டுத் தைக் குளிரில் ஈரத் துணி என்றால் என்னவென்று பார்த்துக்கொள்ளுங்கள். வேற்று உயிரின் ரத்த நீர் உடம்புக்குள் போனால் உடம்பு அப்படித்தான் திமிறுமாம். சேலத்து டாக்டர் பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். கோழி டாக்டர் அப்போது சொன்னது வேறு.

"நன்று, நன்று. உள்ளே போர் நடக்கிறது."

கம்பவுண்டர் ஞானமுத்து வாரத்துக்கு ஒருமுறை தையற்காரர் நாடாவால் என் காலைச் சுற்றி அளப்பார். அளந்ததை டாக்டரிடம் இங்கிலீஷில் சொல்வார். டாக்டர் தலையாட்டுவார். எனக்குச் சொல்ல மாட்டார்கள். எனக்கு நாடா வேண்டியதில்லை. காலை எழுந்ததும் கையை வைத்தால் தெரிகிறது. எலுமிச்சை மாங்காய் ஆகி, மாங்காய் ஆடுசதை வழியாக மேலே நீண்டுகொண்டிருந்தது. மேலே ஏறுகிறதே என்று கேட்டேன். போர் நடக்கும் இடம் வீங்கும் என்றார். கீழே போய்ச் சேலத்து டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வரவா என்று கேட்டேன். நடுவில் நிறுத்தினால் எல்லாம் பாழ், பொறு என்றார். அந்தச் சொல்லை எத்தனை தடவை கேட்டேன் என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் தலையாட்டினேன். என் கட்டைக்காலுக்கு இடம் வைக்க வேண்டிய சதையை அந்தக் கட்டி தின்றுகொண்டிருந்தபோது நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கம்பவுண்டர் அவரிடம் ஏதோ கேட்டார். கேட்டது என்னவென்று பிறகு எனக்குச் சொன்னார். இந்தச் சேவலுக்கு மறுபடி ஒரு தடவை கட்டித் தண்ணீரைக் குத்திப் பார்க்கலாமே, நிஜமாகவே எதிர்ப்பு இருந்தால் அப்போதும் வராதே என்று கேட்டிருக்கிறார். டாக்டர் கூடாது என்றாராம். இருப்பது ஒரே சேவல், அதைப் பணயம் வைக்க முடியாது என்றாராம். கேட்டபோது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இப்போது அப்படிப் படவில்லை. சேவலைப் பணயம் வைக்க மனமில்லாத மனிதருக்கு என் காலை வைக்க மனம் வந்திருக்கிறது.

பங்குனியில் லைனில் முனியப்பனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அதற்கு முந்தின நாள் மாராயி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இல்லையே என்று பார்த்தேன். நேராகக் கொட்டகைப் பக்கம் போனாள். அங்கே கம்பவுண்டர் சேவலைக் கவிழ்த்துப் பிடித்திருக்க, டாக்டர் இறக்கையை விரித்து ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னை முக்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மாராயி நின்ற இடத்திலேயே கூடையைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க தொரை, அது சாமிக்கு நேந்து உட்ட சேவலுங்க. அதையப் போயி குத்தறீங்களே."

டாக்டருக்குப் புரியவில்லை. கம்பவுண்டர் அவளை அதட்டினார். அவள் நகரவில்லை. நான் எழுந்து போய் என்னவென்று கேட்டேன்.

கார்த்திகையில் நான் காய்ச்சலில் கிடந்தபோது ஒரு சேவலைக் கொண்டுவந்து என் தலையை மூன்று முறை சுற்றியிருக்கிறாள். முனியப்பனுக்கு என்று காலில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள். எங்கள் பக்கம் அப்படி நேர்ந்து விட்டதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அது வெளியிலேயே திரிய வேண்டும், பொங்கலன்று பிடித்துப் போய் அறுக்க வேண்டும். எங்கே விடுவது என்று பார்த்தவளுக்குக் கொட்டகை கண்ணில் பட்டது. உள்ளே எல்லாக் கோழிக்கும் காலில் நூல். ஆஸ்பத்திரிக்கு வந்த சனங்களெல்லாம் நேர்ந்து விட்ட கோழிகள்தான் இவை, துரை அவற்றுக்கு நரி, கீரி அண்டாமல் இடம் கொடுத்து வளர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். துரைக்கு நல்ல மனசு என்றுகூட நினைத்தாளாம். கதவைத் தள்ளிச் சேவலை உள்ளே விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் இதற்கெல்லாம் கிண்டல் பண்ணுகிறவன் என்பதால் என்னிடம் சொல்லவில்லை.

அதே கார்த்திகையில் கம்பவுண்டர் தாழ்ப்பாள் போட மறந்து சிவப்பு நூல் சேவல் ஒன்று வெளியே போய்விட்டது. துரை திட்டுவாரே என்று சொல்லாமல் இருந்தார். அடுத்த வாரம் எண்ணிப் பார்த்தால் சரியாக இருந்தது. ஓடிப் போனது தானாகத் திரும்பி வந்துவிட்டது என்று கர்த்தருக்கு நன்றி சொல்லியிருக்கிறார். அதையும் அங்கேயே, தமிழில் பாதி, இங்கிலீஷில் பாதியாகச் சொல்லி முடித்தார்.

ஆக, அந்தச் சேவலுக்குக் கட்டித் தண்ணீரே குத்தவில்லை. எதிர்ப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் லைனில் குப்பை கிளறிய சேவல் அது. அதன் ரத்தத்தைத்தான் தை முழுக்க, மாசி முழுக்க எனக்கு ஏற்றியிருக்கிறார்கள்.

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். முக்காலியில் உட்கார்ந்தார். மாராயியிடம் எந்த மாதம், எந்த நூல் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கத்தவில்லை. யாரையும் வையவில்லை. அந்த நேரத்தில்கூட எனக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. அவர் எழுந்து என்னிடம் வந்து, நான் கீழே போக வேண்டியதுதான் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"நாளைக்கே இச்சேவலுக்கு ஊசி போட்டுப் பார்க்கிறேன். கட்டி வராவிட்டால் என் எண்ணம் சரி. நீ இன்னும் சில வாரம் பொறு" என்றார்.

மாராயி முன்னால் வந்தாள். கம்பவுண்டர் கையிலிருந்த சேவலை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"சேவல் சாமிக்குங்க. அண்ணன் எனக்குங்க. உங்களுக்கு இங்க என்னங்க இருக்குது?"

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ரோடு வரைக்கும் நொண்டினேன். பெரியண்ணன் வாசல் வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றார். நீங்களும் வாங்க என்றேன். மகன் வந்து கூட்டிப் போனால்தான் வர முடியும் என்று கையைக் காட்டினார். ஊசி குத்திய சேவலை முனியப்பனுக்கு ஆகாது என்று பூசாரி தள்ளிவிட்டாராம். மாராயி வேறு சேவல் வாங்கி அறுத்தாள். அந்தச் சேவலைக் கரடியூர்ப் பக்கம் காட்டில் விட்டுவிட்டதாகச் சொன்னாள்.

சேலத்து டாக்டர் என் காலை அழுத்திப் பார்த்தார். முட்டிக்குப் பின்னால் விரலை வைத்தவர் எடுக்கவில்லை.

"இது வரைக்கும் வந்துடுச்சே. எங்கய்யா போயிருந்தே?"

சொன்னேன். கேட்டுக்கொண்டார். தொடையில் எடுக்க வேண்டும் என்றார். மாசியில் வந்திருந்தால் முட்டி தப்பியிருக்குமா என்று கேட்டேன். மாசி ஆரம்பத்தில் என்றால் தப்பியிருக்கும் என்றார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மாராயி என் வலது காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள், நோகாத காலை.

அறுவைக்கு முந்தின நாள் கோழி டாக்டர் வார்டுக்கு வந்தார். கையில் மூடி போட்ட ஒரு கண்ணாடிப் புட்டி, பின்னால் ஒருவன் ஐஸ் பெட்டியோடு. என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அறுவை டாக்டரிடம் இங்கிலீஷில் பேசினார். அறுவை டாக்டர் என் பக்கம் கை காட்டித் தமிழிலேயே சொன்னார்: "கால் அவனோடது. அவன்கிட்ட கேளுங்க."

கட்டியைக் கேட்டு வந்திருக்கிறார். அதை அரைத்து வடித்து, மனிதக் கட்டியிலும் அந்த விதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அத்தனை மாதத்தில் அவர் என்னிடம் ஒன்றை அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

"உங்க மருந்துல இது கொறஞ்சுதுங்களா?" என்று கேட்டேன்.

அவர் புட்டியைக் கை மாற்றினார். "இல்லை."

"கொறையலீன்னு உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "மாசியில்" என்றார். தலையைக் குனிந்துகொண்டார். "அடுத்த ஊசியில் குறையும் என்று நினைத்தேன்."

மாராயி எழுந்து நின்றுவிட்டாள். அவளை உட்காரச் சொன்னேன். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றைச் சொன்னேன். கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பதிலாக இன்றைக்கே மேலே போய்ப் பெரியண்ணனிடம் இந்த மருந்து கேட்கவில்லை என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், சொல்லி அவரைக் கீழே அனுப்புங்கள் என்றேன். அவர் சரி என்றார். புட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அறுவை நடந்தது. மூக்கில் குளோரோஃபார்ம் துணியை வைத்ததும் காதுக்குள் ரயில் ஓடியது. விழித்தபோது கால் அங்கேயே இருப்பது போலவும் கட்டைவிரல் அரிப்பது போலவும் இருந்தது. இன்றைக்கும் சில சமயம் அரிக்கிறது. தையல் பிரிக்கும் வரை காய்ச்சலும் வாந்தியுமாக இருந்தேன். மாராயி வேலைக்குப் போகாமல் வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு கிடந்தாள். அவள் புருஷன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டான். அந்த மனிதனிடம் அதற்கு முன் நான் சரியாகப் பேசியதுகூட இல்லை.

டாக்டர் வாக்கைக் காப்பாற்றினார். பெரியண்ணனைக் கம்பவுண்டர் லாரியில் கூட்டி வந்தார். எதிர்க் கட்டில் காலியாயிருந்தது, அதில் படுக்க வைத்தார்கள். அறுவை டாக்டர் அவர் வாயைத் திறந்து பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். வெளியே வராந்தாவில் கம்பவுண்டரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. கழுத்தில் நெறி கட்டும் இடங்களுக்கு இறங்கிவிட்டது, கத்தி வைப்பதற்கு இல்லை, ஊருக்கு அனுப்பிவிடலாம். கம்பவுண்டர் உள்ளே வந்தார். பெரியண்ணனின் துணி மூட்டையைக் கட்டிலடியில் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

பெரியண்ணன் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"உன்ற கட்டியக் குடுத்து என்னெய மீட்டியாமா கண்ணு? நொம்பக் குடுத்துட்டியே. ஒரு ஆட்டுக்குட்டிக்கு மேல நான் போவ மாட்டனே."

சிரித்தார். வலது கன்னம் அசையவில்லை.

"எனக்கு எப்ப அறுப்பாங்களாம்?"

நான் மாராயியைப் பார்த்தேன். அவள் கஞ்சிச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்வார்கள் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் அதுதான் இருந்தது. அதைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"அறுக்க மாட்டாங்களாமுங்க. கழுத்துக்கு எறங்கிருச்சாம். ஊருக்குப் போவச் சொல்றாங்க."

அவர் படுத்த மேனிக்கு மேலே கூரையைப் பார்த்தார். கழுத்தில் கையை வைத்துத் தடவிக்கொண்டார். மாராயியைக் கூப்பிட்டார். மாரமங்கலத்துக்கு ஆள் போனால் மகனை வரச் சொல்லும்படி சொன்னார். மிளகு கொடியிலேயே கருத்துப் போயிருக்கும், அதைப் பறித்துவிட்டு வரச் சொல் என்றார். சின்னப் பெண்ணுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரைச் சித்திரையிலேயே வந்து முடித்துக்கொள்ளச் சொல், தள்ளிப்போட வேண்டாம் என்றார். அப்புறம் கொஞ்சம் கஞ்சி இருந்தால் ஊற்றச் சொன்னார். மாராயி ஊற்றினாள். இடது பக்கமாகத் தலையைச் சாய்த்து மெதுவாகக் குடித்தார்.

அவர் மகளுக்குச் சித்திரையில் கல்யாணம் நடந்தது. அவர் கட்டிலில் கிடந்தபடி பார்த்தாராம். ஆனியில் போய்விட்டார்.

கோழிக்குப் புற்றைக் கொண்டுவரும் விதை நிஜம்தான் என்று இப்போது சீமையில் ஒப்புக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார்கள் என்று கம்பவுண்டர் சொல்கிறார். இருக்கட்டும். அந்த மனிதரின் எண்ணம் நாளைக்கு உலகத்துக்கே உதவலாம். அதை நான் மறுக்கவில்லை. பெரியண்ணனிடம் நான் சொன்னதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று? ஒரு வாய்க் கஞ்சி விழுங்குகிற நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவு படித்தவருக்கு மாசியிலிருந்து பங்குனி வரை அந்த நேரம் கிடைக்கவில்லை.